உயிரைக் காப்பாத்துறத விட படிப்பு பெருசா? ராவ் யோசேஃப் சொன்ன ஒரு வாக்கியம்

தல்மூத்னு யூதர்களோட சட்டமும் விவாதமும் கதையும் சேர்ந்த ஒரு பழைய நூல் தொகுப்பு இருக்கு, அதுல மெகில்லான்னு ஒரு பகுதி. எஸ்தர் ராணி கதையையும் பூரிம் பண்டிகையையும் சுத்தி வர்ற பகுதி. அதோட 16-ம் தாள் பின்பக்கத்துல ராவ் யோசேஃப்னு ஒரு ரபி, அதாவது யூத மத அறிஞர், ஒரு வாக்கியம் சொல்றாரு. உயிர்களைக் காப்பாத்துறத விட தோரா, அதாவது யூத வேதம், படிக்கறது பெருசு. அவ்ளோதான். 'ஆனா' கிடையாது, 'சில நேரத்துல' கிடையாது. நான் இத படிச்சது 2021 டிசம்பர் கடைசி வாரத்துல. அது எப்படிப்பட்ட வருஷம்னு உங்களுக்கே தெரியும், அதனால இந்த வாக்கியத்த தாண்டி அடுத்த பக்கத்துக்கு சாதாரணமா போக முடியல. இன்னைக்கு வரைக்கும் அதோட மல்லுக்கட்டிட்டுதான் இருக்கேன்.

நான் யூதன் இல்ல. வேலை ஒரு ஆஸ்பத்திரில டயாலிசிஸ் டெக்னீஷியன். வரலாறு எம்.ஏ. படிக்கணும்னு ஆசைப்பட்டு வீட்டு நிலைமைனால இந்த கோர்ஸ்க்கு வந்தவன், அதனால படிக்கற பழக்கம் மட்டும் விடாம ஒட்டிக்கிச்சு. தஃப் யோமின்னு யூதர்கள்கிட்ட ஒரு வழக்கம் இருக்கு, உலகம் பூரா எல்லாரும் ஒரு நாளைக்கு தல்மூத்ல ஒரே தாள் படிப்பாங்க. 1923-ல வியன்னால நடந்த ஒரு மாநாட்டுல மெயிர் ஷபிரோன்னு ஒரு போலந்து ரபி ஆரம்பிச்சு வெச்சது. மொத்தம் 2,711 தாள், முடிக்க ஏழரை வருஷம் ஆகும். இப்ப ஓடிட்டிருக்கற சுற்று 2020 ஜனவரி 5 அன்னைக்கு ஆரம்பிச்சது. செஃபாரியா தளத்துல முழுசும் ஆங்கிலத்தோட இலவசமா கிடைக்குது, நான் நைட் ஷிஃப்ட்ல பேஷண்ட் எல்லாரையும் மெஷின்ல போட்டு பிபி எல்லாம் நார்மலா ஓடிட்டிருக்கற நேரத்துல ஃபோன்ல அன்னைய தாள படிப்பேன், அலாரம் அடிச்சா ஃபோன கவுத்து வெச்சுட்டு எழுந்து போவேன்.

இத ஏன் சொல்றேன்னா இந்த சுற்றோட காலண்டர் எனக்கு வேற மாதிரி அமைஞ்சிடுச்சு. யோமாங்கற பகுதி 2021 ஏப்ரல் நடுவுல ஆரம்பிச்சது, அதாவது நம்ம ஊர்ல ரெண்டாவது அலை ஏற ஆரம்பிச்ச சமயம். கொரோனா வந்த டயாலிசிஸ் பேஷண்டுக்கும் டயாலிசிஸ நிறுத்த முடியாது இல்லையா, தனி மெஷின், தனி ஷிஃப்ட், பிபிஇ கிட் போட்டு நாலு மணி நேரம் உள்ளயே நிக்கணும். அந்த மாசங்கள் எல்லாம் முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட்ட ஜூலை முதல் வாரத்துலதான் யோமாவோட கடைசி தாள்கள் வந்துச்சு. அந்த தாள்கள் முழுக்க உயிர் காப்பாத்துறத பத்தி.

யோமா சொல்றது இதுதான். யோம் கிப்பூர் யூதர்களுக்கு வருஷத்துலயே பெரிய நோன்பு நாள், சப்பாத் வாரா வாரம் சனிக்கிழமை வர்ற, வேலையே பண்ணக்கூடாத நாள். ஆனா ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னு ஒரு சந்தேகம் இருந்தாலே போதும், அது ரெண்டையும் தள்ளி வெச்சிடலாம், தள்ளி வெச்சே ஆகணும். நிச்சயமா ஆபத்துன்னு தெரிய வேண்டியதில்ல, சந்தேகம் போதும். கட்டடம் இடிஞ்சு விழுந்துடுச்சு, உள்ள ஆள் இருக்கானா இல்லையான்னு தெரியல, இருந்தாலும் உயிரோட இருக்கானா தெரியல, யூதனா வேற ஆளான்னும் தெரியல. இத்தனை தெரியலையும் சேர்ந்தாலும் சப்பாத்ல இடிபாட்ட தோண்டு. கடல்ல குழந்தை விழுந்துடுச்சா, வலை வீசு, வலைல மீனும் சேர்ந்து மாட்டினா மாட்டட்டும். கதவு உள்பக்கம் பூட்டிக்கிட்டு குழந்தை மாட்டிக்கிச்சா, உடை. எவன் வேகமா பண்றானோ அவனுக்குத்தான் பாராட்டு, நீதிமன்றத்துல அனுமதி வாங்க வேண்டிய அவசியமே இல்ல. இது பாபிலோன்ல உருவான தல்மூத், எருசலேம் தல்மூத்னு இன்னொண்ணு இருக்கு, அது இன்னும் ஒரு படி மேல போய் சொல்லுது, இந்த மாதிரி நேரத்துல ரபிகிட்ட வந்து 'பண்ணலாமா?'ன்னு கேட்டுட்டு நிக்கறவன் ரத்தம் சிந்துறவன், கேள்வி கேக்கற நிலைமைக்கு ஜனங்கள விட்டு வெச்ச ரபி வெட்கப்படணும், அவர் இத முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கணும்.

இதுக்கு ஆதாரம் எதுன்னு அடுத்த பக்கத்துல பெரிய பெரிய ஆளுங்க ஒவ்வொருத்தரும் ஒரு வசனத்த காட்டறாங்க. ரபி ஷிமோன் பென் மெனஸ்யா சொல்றது, ஒரு சப்பாத்த மீறினா அவன் பிழைச்சு பல சப்பாத் கடைப்பிடிப்பான்னு. கடைசில ஷ்முவேல் லேவியராகமம் 18:5 எடுக்கறாரு, இந்த கட்டளைகளின்படி செய்யறவன் அவற்றால் பிழைப்பான்னு வர்ற வசனம். பிழைக்கறதுக்குத்தான், அதுக்காக சாகறதுக்கு இல்லைன்னு முடிச்சிடறாரு. விதிவிலக்கு மூணே மூணு, சிலை வணக்கம், தகாத உறவு, கொலை. மத்த எல்லாமே உயிருக்கு பின்னாடிதான்.

இத படிச்சுட்டு அஞ்சாறு மாசத்துல ராவ் யோசேஃப் வாக்கியம் வருது. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, அவர் இத எங்க இருந்து எடுக்கறாரு? மொர்தெகாய் கிட்ட இருந்து. எஸ்தர் கதை தெரிஞ்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பாரசீக சாம்ராஜ்யத்துல யூதர்கள ஒரே நாள்ல கொன்னு போட ஆமான்ங்கற மந்திரி போட்ட திட்டத்த எஸ்தரும் அவளோட உறவினர் மொர்தெகாயும் முறியடிக்கறாங்க, மொர்தெகாய் ராஜாவுக்கு அடுத்த இடத்துக்கு வந்துடறாரு. புத்தகத்தோட கடைசி வசனம் அவர் தன் சகோதரர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு பிரியமா இருந்தாருன்னு சொல்லுது. தல்மூத் கேக்குது, பெரும்பாலானவங்களுக்கா, அப்ப எல்லாருக்கும் இல்லையா? இல்ல, சன்ஹெட்ரின்ங்கற உயர் சபை பெரியவங்கள்ல சில பேர் அவர விட்டு விலகிட்டாங்க. இதுக்கு அப்புறம்தான் ராவ் யோசேஃப் பேசறாரு, ஆதாரமா காட்டறது வெறும் ரெண்டு பேர்ப்பட்டியல். பாபிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்க பட்டியல் எஸ்றா 2-ம் அதிகாரத்துல இருக்கு, அதுல செருபாபேலுக்கு அப்புறம் நாலு பேர், அப்புறம் மொர்தெகாய். நெகேமியா 7-ம் அதிகாரத்துல கிட்டத்தட்ட அதே பட்டியல், ஆனா இதுல அஞ்சு பேருக்கு அப்புறம்தான் மொர்தெகாய். நடுவுல அத்தனை உயிர காப்பாத்தியிருக்காரு. காப்பாத்தினவர் பட்டியல்ல ஒரு இடம் கீழ இறங்கியிருக்காரு.

ஒரே ஒரு இடம். நான் இந்த இடத்துல ரொம்ப நேரம் நின்னேன். தண்டனை இல்ல, சாபம் இல்ல, பேர் அழிக்கப்படல. ஒரு இடம் இறங்கியிருக்கு. ராஷி, அதாவது 11-ம் நூற்றாண்டு பிரான்ஸ்ல இருந்த பெரிய உரைகாரர், பெரியவங்க ஏன் விலகினாங்கன்னு விளக்கறப்போ அவர் தோரா படிப்ப விட்டுட்டு அதிகாரத்துக்குள்ள போயிட்டாருன்னு சொல்றாரு. அதாவது உயிர காப்பாத்தினதுக்காக யாரும் அவர குறை சொல்லல, அதுக்கு அப்புறம் அவர் அரண்மனைலயே தங்கிட்டாரு. திரும்பி வரல.

17-ம் நூற்றாண்டுல தாவீது ஹலேவி செகல்னு ஒரு போலந்து ரபி, எல்லாரும் தாஸ்னு கூப்பிடறவர், இத நேரா எடுத்து பேசறாரு. உயிர காப்பாத்துறதுக்கு முன்னாடி எதுவுமே நிக்க முடியாது, அதுல சந்தேகமே இல்ல, அப்ப இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? யாரோட கைக்கு காப்பாத்த வேண்டிய உயிர் எதுவும் வராம, இடைஞ்சல் இல்லாம உக்காந்து படிக்க கொடுத்து வெச்சதோ அவனோட பாக்கியம் பெருசு, படிப்ப விட்டுட்டு ஓட வேண்டி வந்தவனோட பாக்கியம் அதவிட ஒரு படி கம்மி. இதுதான் அவர் பதில். நல்ல பதில். கட்டடம் இடிஞ்சு விழறப்போ உக்காந்து படிச்சிட்டிருக்கற எவனுக்கும் அது இடம் தரல. கடமைல ஏத்த இறக்கம் எதுவும் கிடையாது, யாருக்கு என்ன கிடைச்சுதுங்கறதுலதான் வித்தியாசம்னு தெளிவா பிரிச்சிடுது.

ஆனா எனக்கு அந்த வாக்கியத்த உண்மையா திறந்து காட்டினது அத சொன்ன ஆளோட வாழ்க்கைதான். ராவ் யோசேஃப் 4-ம் நூற்றாண்டு பாபிலோன்ல பும்பெதிதா பாடசாலைய சேர்ந்தவர். கண் தெரியாதவர். மரபு மொத்தமும் அவர் நினைவுல இருந்துச்சு, அதனால அவருக்கு தோரா குடுக்கப்பட்ட மலையோட பேரான சினாய்னே பேர் வெச்சிருந்தாங்க. அந்த காலத்துல இதெல்லாம் எழுத்துல இல்ல, ஆளுங்க தலைலதான் இருக்கு, அதுலயும் கண் தெரியாதவருக்கு தலைய விட்டா வேற இடமே இல்ல. அப்படிப்பட்டவருக்கு ஒரு நோய் வந்து படிச்சது எல்லாம் மறந்து போச்சு. நெதாரிம்ல 41-ம் தாள்ல இது ரெண்டு வரில வருது. அவரோட மாணவர் அபயே பக்கத்துல உக்காந்து, 'ஐயா இத நீங்கதான் எங்களுக்கு சொன்னீங்க, இந்த ஆதாரத்துல இருந்து சொன்னீங்க'ன்னு ஒவ்வொண்ணா எடுத்து அவருக்கே திருப்பிக் குடுத்தாராம். தல்மூத்ல பல இடத்துல 'அபயே அவர்கிட்ட சொன்னார், நீங்களே எங்களுக்கு சொன்னது இது'ன்னு வர்றத பாக்கறப்போ எனக்கு இப்பல்லாம் தொண்டை அடைக்குது. ஸ்ட்ரோக் வந்து பேச்சு போன பேஷண்டுங்க பக்கத்துல பொண்ணோ பையனோ உக்காந்து 'அப்பா இது யாரு சொல்லுங்க'ன்னு கேக்கறத எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

இதே ராவ் யோசேஃப்தான் இன்னொரு இடத்துல உடைஞ்ச பலகைகள பத்தி சொல்றாரு. மோசே கோபத்துல போட்டு உடைச்ச முதல் கற்பலகைகளோட துண்டுகளும், ரெண்டாவது தடவை வந்த முழு பலகைகளும் உடன்படிக்கைப் பெட்டிக்குள்ள ஒண்ணா இருந்துச்சாம். அதுல இருந்து, தன் தப்பு இல்லாம படிச்சத மறந்துட்ட ஒரு அறிஞர இழிவா நடத்தக் கூடாதுன்னு தெரியுதுன்னு வருது. படிப்ப இழக்கறது எப்படி இருக்கும்னு உடம்பால தெரிஞ்ச ஒரு மனுஷன் வாய்ல இருந்துதான் மொர்தெகாய் பத்தின வாக்கியம் வருது. அதனால நான் அத இப்படி எடுத்துக்கறேன்: ஓடிப்போய் காப்பாத்துன்னு சொல்றதுல அவருக்கு எந்த தயக்கமும் இல்ல, ஆனா ஓடினவனுக்கு ஒரு இழப்பு இருக்கு, அத இல்லைன்னு சொல்லாத, அத கணக்குல எழுதுங்கறாரு. ஒரு பட்டியல்ல ஒரு இடம் இறங்கினதா எழுதுங்கறாரு. காப்பாத்துறவங்கள தெய்வம்னு சொல்லி கை தட்டி விளக்கேத்தி அனுப்பிட்டு, அவங்க எத விட்டுட்டு வந்தாங்கன்னு கேக்காம இருக்கறத விட இது எவ்வளவோ மரியாதையா எனக்கு தெரியுது.

அந்த அபயே பத்தி இன்னொரு கதை உண்டு, தாஅனித் 21-ம் தாள்ல, மெகில்லாவுக்கு சில வாரம் முன்னாடிதான் வந்துச்சு. பாபிலோன்ல அப்பா உமனான்னு ஒரு வைத்தியர், ரத்தம் குத்தி எடுக்கறவர், அந்த காலத்துல அதுவும் ஒரு சிகிச்சை. இவருக்கு தினமும் வானத்துல இருக்கற பாடசாலைல இருந்து வாழ்த்து வருமாம். அபயேவுக்கு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் வரும். ராவாவுக்கு, அவரும் மாபெரும் அறிஞர்தான், வருஷத்துக்கு ஒரு தடவை யோம் கிப்பூருக்கு முந்தின நாள். பாடசாலைத் தலைவர விட ரத்தம் எடுக்கறவருக்கு மேல இடமான்னு அபயே மனசு ஒடிஞ்சு போயிட்டாரு. அவருக்கு வந்த பதில்: அவர் பண்றத உன்னால பண்ண முடியாது.

என்ன பண்ணாரு அவரு? ஆண்களுக்கும் பொம்பளைங்களுக்கும் தனித்தனி இடம் வெச்சிருந்தாரு. பொம்பளைங்க கூச்சப்படாம இருக்க தனியா ஒரு துணி தெச்சு வெச்சிருந்தாரு, கத்தி படற இடம் மட்டும் திறந்திருக்கும். காசு போட மறைவா ஒரு இடம் வெச்சிருந்தாரு, இருக்கறவன் போடுவான், இல்லாதவன் சும்மா வந்து உக்காந்துட்டு போவான், யார் போட்டா யார் போடலன்னு யாருக்கும் தெரியாது, யாருக்கும் தலைகுனிவு இல்ல. இளம் மாணவர்கள் வந்தா காசு வாங்காததோட மட்டும் இல்ல, கைல கொஞ்சம் காசு குடுத்து போய் உடம்ப தேத்திக்கோன்னு அனுப்புவாரு. அபயே இவர சோதிக்க ரெண்டு அறிஞர்கள அனுப்பறாரு, அவங்க சாப்பிட்டு படுத்துட்டு காலைல படுக்க விரிச்ச விரிப்பையே சுருட்டிட்டு சந்தைக்கு போயிடறாங்க, அங்கயே இவர பாத்து 'இதுக்கு என்ன விலை சொல்லுங்க'ன்னு கேக்கறாங்க. இவரும் வாங்கின விலைய சொல்றாரு. 'உங்க விரிப்புதாங்க இது, நாங்க எடுத்துட்டு வந்தப்போ எங்கள பத்தி என்ன நெனச்சீங்க?'ன்னு கேட்டா, 'ஏதோ சிறைபிடிச்சவங்கள மீட்க அவசரமா பணம் தேவைப்பட்டிருக்கும், என்கிட்ட கேக்க சங்கடப்பட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்'ங்கறாரு. திருப்பி வாங்கிக்கவும் மாட்டேங்கறாரு, அப்பவே அத தர்மத்துக்குன்னு மனசுல ஒதுக்கிட்டேன்னு சொல்லிடறாரு. டயாலிசிஸ் யூனிட்ல பில்லிங் கவுண்டர் வரிசைல நிக்கற முகங்கள தினம் பாக்கற எனக்கு இந்த காசு போடற மறைவிடம் எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பாருங்க, ராவ் யோசேஃப் படிப்பு பெருசுன்னு சொல்றாரு, அவரோட மாணவனுக்கே வைத்தியர் உனக்கு மேலன்னு பதில் வருது, ரெண்டும் ஒரே நூல்ல பக்கத்து பக்கத்து பகுதில இருக்கு. யாரும் ஒண்ண வெட்டி எறியல.

ரபி அகிவா கதைலயும் இதே இழுபறி இருக்கு. 2-ம் நூற்றாண்டுல லோத் ஊர்ல ஒரு வீட்டு மாடில ரபிகள் கூடி, படிப்பு பெருசா செயல் பெருசான்னு விவாதம் பண்ணாங்க. ரபி தர்ஃபோன் செயல்னாரு. அகிவா படிப்புன்னாரு. கடைசில படிப்புதான் பெருசு, ஏன்னா அது செயலுக்கு கொண்டு போகுதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இத எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. ஆனா அதே அகிவாவோட மாணவர் ஒருத்தர் நோயில படுத்துட்டாரு, அறிஞர்கள் யாரும் போய் பாக்கல, அகிவா போனாரு. போய் பெருசா ஒண்ணும் பண்ணல, தரைய கூட்டி தண்ணி தெளிச்சு சுத்தம் பண்ண வெச்சாரு, அதுலயே அந்த பையன் பிழைச்சு, 'ரபி, எனக்கு உயிர் குடுத்துட்டீங்க'ன்னான். அகிவா வெளிய வந்து பாடம் நடத்தினாரு: நோயாளிய போய் பாக்காதவன் ரத்தம் சிந்தினவன் மாதிரி. படிப்பு செயலுக்கு கொண்டு போகுதுங்கறதுக்கு எனக்கு அந்த மாடி விவாதத்த விட இந்த கூட்டின தரைதான் தெளிவான சாட்சி.

படிப்ப மட்டும் பிடிச்சுக்கிட்டவங்களுக்கு தல்மூத் கடுமையான வார்த்தையும் வெச்சிருக்கு. ரோமர்கள் ரபி ஹனினா பென் தெரத்யோன பிடிச்சு தோரா சுருளோட சேர்த்து எரிச்சுக் கொன்னாங்க. அதுக்கு முன்னாடி சிறைல அவர் இன்னொரு ரபிகிட்ட சொல்றாரு, நீங்க படிப்புலயும் உதவி செய்யறதுலயும் இருந்தீங்க, நீங்க தப்பிச்சிடுவீங்க, நான் படிப்புல மட்டும்தான் இருந்தேன். தோராவ மட்டும் பிடிச்சிட்டிருக்கறவன் கடவுளே இல்லாதவன் மாதிரின்னு அங்க ராவ் ஹூனா சொல்றது வருது. எருசலேம் தல்மூத்ல இன்னொரு ஆள் வர்றான், பக்திமான் ஆனா மடையன்னு அவனுக்கு பேரு. ஆத்துல குழந்தை தத்தளிக்குது, இவன் தலைல கைல ஜெபப்பட்டை கட்டியிருக்கான், 'இத கழட்டி வெச்சுட்டு இறங்கறேன்'ங்கறான். கழட்டி முடிக்கறதுக்குள்ள குழந்தை போயிடுச்சு.

பின்னாடி பெரிய ஆசிரியரான ஹில்லேலோட கதை இதுக்கு நேர் எதிர். ஏழை, நாள் கூலில பாதிய பாடசாலை காவல்காரனுக்கு குடுத்துதான் உள்ள போகணும். ஒரு வெள்ளிக்கிழமை, குளிர் காலம், வேலை கிடைக்கல, கூரைல ஏறி வெளிச்சம் வர்ற திறப்புல காத வெச்சு படுத்து கேட்டிருக்காரு. பனி கொட்டி மூடிடுச்சு. விடிஞ்சப்போ உள்ள இருந்த ஆசிரியர்கள் ஷெமாயாவும் அவ்தாலியோனும் இன்னைக்கு ஏன் இருட்டா இருக்குன்னு மேல பாத்தா ஒரு மனுஷ உருவம். மேல மூணு முழம் பனி. இறக்கி, குளிப்பாட்டி, எண்ணெய் தேய்ச்சு, தீ முன்னாடி உக்கார வெச்சாங்க, அன்னைக்கு சப்பாத், தீ மூட்டக் கூடாத நாள். இவனுக்காக சப்பாத்த மீறலாம்னாங்க. படிப்புக்காக உயிர விட இருந்தவன காப்பாத்த படிப்பு சொல்லிக் குடுக்கறவங்க கூடத்த விட்டு எழுந்து போறாங்க.

யூத சட்ட அறிஞரும் வைத்தியருமான மைமோனிடஸ் பத்தி சொல்லாம இத விட முடியாது. 12-ம் நூற்றாண்டு, எகிப்து. அவரோட தம்பி தாவீது ரத்தின வியாபாரி, அவர் சம்பாத்தியத்துல அண்ணன் நிம்மதியா உக்காந்து படிச்சு எழுதிட்டிருந்தாரு. தம்பி நம்ம பக்கம் வியாபாரத்துக்கு வர்றப்போ இந்தியப் பெருங்கடல்ல மூழ்கிப் போயிட்டாரு. அண்ணன் கிட்டத்தட்ட ஒரு வருஷம் படுத்த படுக்கை, எட்டு வருஷம் கழிச்சும் ஆறாம கடிதம் எழுதறாரு. அதுக்கப்புறம் வயித்துப் பாட்டுக்கு வைத்தியம். 1199-ல தன் நூல மொழிபெயர்த்த சாமுவேல் இப்ன் திப்போனுக்கு எழுதின கடிதத்துல தன் நாள விவரிக்கறாரு: வீடு ஃபுஸ்தாத்ல, சுல்தான் கெய்ரோவுல, தினமும் விடிகாலை அரண்மனைக்கு போய் மதியத்துக்கு மேலதான் திரும்ப முடியும், வீட்டுக்கு வந்தா முற்றம் நிறைய நோயாளிங்க, யூதர், மத்தவங்க, பெரிய மனுஷன், சாதாரண ஆள் எல்லாரும். வண்டி மிருகத்துல இருந்து இறங்கி, கை கழுவி, கொஞ்சம் பொறுங்க சாப்பிட்டுடறேன்னு அவங்ககிட்ட கெஞ்சி அன்னைக்கு ஒரே வேளை சாப்பாட்ட சாப்பிட்டுட்டு, ராத்திரி வரைக்கும் பாத்து, களைச்சுப் போய் மல்லாந்து படுத்துக்கிட்டே மருந்து சொல்லியிருக்காரு. படிப்புக்கு சப்பாத் மட்டும்தான் மிச்சம். இவர்தான் சட்ட நூல்ல எழுதறாரு, சப்பாத்ல உயிர் காக்கற வேலைய சின்ன பசங்கள வெச்சோ வேற ஆளுங்கள வெச்சோ பண்ண விடாதீங்க, பெரிய அறிஞர்களே முன்னாடி நின்னு பண்ணணும், ஏன்னா தோராவோட சட்டங்கள் உலகத்துல பழிவாங்க வந்தது இல்ல, கருணையும் அன்பும் சமாதானமும்தான். அந்த வரிய எழுதினது மொத்த படிப்பையும் தலைல வெச்சிருந்த ஆளு, பின்னாடி அதுக்கு நேரம் கிடைக்காம போன ஆளு.

ஒண்ணு என்ன உறுத்துது, அதையும் சொல்லிடறேன். பழைய சட்டத்துல யூதர் அல்லாதவர காப்பாத்த சப்பாத்த மீறறதுக்கு அதே நேரடியான அனுமதி இல்ல, பின்னாடி வந்தவங்க பல பேர் பகை வந்துடும்னு காரணம் காட்டித்தான் அத அனுமதிச்சாங்க. பெர்பின்யான்ல இருந்த மெயிரிங்கற ரபி மாதிரி ஒருத்தர் ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் கட்டுப்பட்ட எந்த ஜனமா இருந்தாலும் அவங்களுக்காக மீறலாம்னு கொள்கையாவே சொன்னாரு. இன்னைக்கு நடைமுறைல வித்தியாசம் பாக்கறதில்லதான், ஆனா எனக்கு மெயிரியோட காரணம் போதும், பகை பயம் எனக்கு பத்தாது.

இப்ப இந்த காலத்துக்கு வர்றேன். 1831-ல காலரா வந்தப்போ போசென் ஊர் ரபி அகிவா ஏகர் ஜெபக் கூடத்துல ஒரே நேரத்துல சுமார் 15 பேருக்கு மேல கூடாதுன்னாரு. 1848-ல வில்னால காலரா, யோம் கிப்பூர் அன்னைக்கு சாப்பிடுங்கன்னு ரபி இஸ்ராயேல் சலாந்தர் ஜனங்கள கேட்டுக்கிட்டதா சொல்வாங்க, அவரே மேடைல நின்னு சாப்பிட்டாரான்னு கதை பல விதமா ஓடுது. இப்படி முன்னுதாரணம் இருந்தும் 2020 மார்ச் நடுவுல, இஸ்ரேல்ல ப்னே ப்ராக்ல இருந்த வயசான பெரிய ரபி ஹயிம் கனியேவ்ஸ்கி பாடசாலைகள மூட வேண்டாம்னு சொன்னதா செய்தி வந்துச்சு, படிப்பு நின்னா அதுதான் பெரிய ஆபத்துங்கற நியாயத்தோட. அந்த மாசம் முடியறதுக்குள்ளயே கூட்டமா ஜெபிக்காதீங்க, தனித்தனியா ஜெபிங்கன்னு அவரே சொன்னாரு. ஏப்ரல் ஆரம்பத்துல அந்த ஊரையே போலீஸ் அடைச்சது. அந்த பெரியவர் வாழ்நாள் முழுக்க படிச்ச படிப்பு மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அந்த ரெண்டு வாரத்துல நடந்தது ராவ் யோசேஃப் வாக்கியத்த தப்பான நேரத்துல எடுத்ததுன்னு நெனைக்கறேன். அது எல்லாம் முடிஞ்ச அப்புறம், பட்டியல் எழுதறப்போ பேச வேண்டிய வாக்கியம். கதவ உடைக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு யோமா இருக்கு, அங்க கேள்வியே கிடையாது.

இஸ்ரேல் ராணுவ விவகாரம் இத விட சிக்கலானது. 1948-ல பிரதமர் பென்-குரியன் சுமார் 400 பாடசாலை மாணவர்களுக்கு ராணுவத்துல இருந்து விலக்கு குடுத்தாரு, ஐரோப்பால பாடசாலைகள் எல்லாம் ஆளுங்களோட அழிஞ்சு போயிருந்த நேரம், அந்த விலக்குல ஒரு நியாயம் இருந்துச்சு. இன்னைக்கு அது பல்லாயிரம் பேர். 2024 ஜூன் 25-ல உச்ச நீதிமன்றம் இவங்கள சேர்க்காம இருக்க சட்டத்துல இடம் இல்லைன்னு ஒருமனதா தீர்ப்பு குடுத்துச்சு. போக மாட்டோம்னு சொல்றவங்க காட்டற இடங்களும் தல்மூத்லதான் இருக்கு. படிப்பு பாதுகாக்கும், தாவீது ராஜா உக்காந்து படிக்கலன்னா அவரோட தளபதி யோவாப் ஜெயிச்சிருக்க மாட்டான்னு. ஆனா அதே வரில யோவாப் சண்டைக்கு போகலன்னா தாவீதால படிச்சிருக்க முடியாதுன்னும் இருக்கு. கட்டாயப் போர்னா மணமகன் அறைல இருந்தும் மணமகள் பந்தல்ல இருந்தும் கூட போகணும்னு தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா சொல்லுது. வேற யாராவது பண்ணக்கூடிய நற்செயலுக்காக படிப்ப நிறுத்தாத, வேற யாராலயும் முடியாதுன்னா நிறுத்துன்னு ஒரு பழைய விதி இருக்கு, இங்க எல்லா சண்டையும் அந்த 'வேற யாராவது' யாருங்கறதுலதான். எனக்கு தோணறது, தாவீதும் யோவாபும் வேலைய பிரிச்சுக்கிட்டா அதுக்கு யோவாப் சம்மதம் வேணும். 2023 அக்டோபர்ல போர் வெடிச்சதுக்கு அப்புறம் மூணாவது நாலாவது தடவையா ரிசர்வ்ல கூப்பிட்டு போற ஆளோட வீட்ல உக்காந்து கேட்டா அந்த சம்மதம் இருக்கான்னு தெரியும்.

என் மனசு அதிகமா ஒட்டறது ஹட்ஸலா ஆளுங்ககிட்ட. 1960-கள் கடைசில ப்ரூக்ளின் வில்லியம்ஸ்பர்க்ல ஆரம்பிச்ச தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவை, இன்னைக்கு பல நாடுகள்ல இருக்கு. தாடியும் கருப்பு கோட்டுமா ஜெபத்துல நிக்கறவர் இடுப்புல ரேடியோ இருக்கும், சப்பாத்ல அது கத்தினா பாதி வரில விட்டுட்டு வண்டிய எடுத்துட்டு போவாரு. போறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. சந்தேகம் திரும்பி வர்றதுல. நோயாளிய ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு, இப்ப ஆபத்து முடிஞ்சது, சப்பாத் இன்னும் இருக்கு, வண்டி ஓட்டிட்டு வீட்டுக்கு வரலாமா? மிஷ்னா, காப்பாத்தப் போனவங்க எல்லாரும் தங்கள் இடத்துக்கு திரும்பலாம்னு சொல்லுது. அதுக்கு பின்னாடி ஒரு சம்பவம்: முன்னாடி சண்டைக்கு போய் காப்பாத்திட்டு வர்றவங்க மதில் பக்கத்துல ஒரு வீட்ல ஆயுதத்த வெச்சுட்டு வெறுங்கையோட வருவாங்க, ஒரு தடவை எதிரிங்க துரத்தி வந்துட்டாங்க, ஆயுதம் எடுக்க எல்லாரும் அந்த வீட்டுக்குள்ள முண்டியடிச்சதுல எதிரி கொன்னத விட அதிகம் பேர் நெரிசல்ல செத்துட்டாங்க. அன்னைல இருந்து ஆயுதத்தோடயே திரும்பலாம்னு ஆச்சு. இத வெச்சு நியூயார்க்ல ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், ஹட்ஸலா ஆளுங்க வண்டி ஓட்டிட்டே திரும்பலாம்னு தீர்ப்பு குடுத்தாரு, திரும்ப முடியாதுன்னு ஆயிட்டா அடுத்த தடவை கிளம்ப தயங்குவாங்கன்னு. எருசலேம்ல ரபி ஷ்லோமோ சல்மான் அவுர்பாக் அந்த அளவுக்கு போகல, ஆபத்து முடிஞ்ச அப்புறம் தோரா நேரா தடுத்தத மீற முடியாதுன்னாரு. ரெண்டு பேர் வாதத்தையும் என்னால முடிஞ்ச அளவு படிச்சேன். அவுர்பாக்கோட தர்க்கம் சுத்தமானது. இருந்தாலும் நான் ஃபைன்ஸ்டைன் பக்கம். நடுராத்திரி எமர்ஜென்சி டயாலிசிஸ்க்கு கூப்பிட்டா வர்ற ஆளுங்க, முடிச்சுட்டு வீட்டுக்கு போக வண்டி இல்லாம விடியற வரைக்கும் நாற்காலில உக்காந்திருந்தா, அடுத்த தடவை ஃபோன் அடிக்கறப்போ அத எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்னு நான் பாத்திருக்கேன்.